தேனீக்குத் தண்ணீர் பார்ப்பது எப்படி? சாத்தூர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

பூ இல்லாத மாதத்தில் தேனீப் பெட்டிக்குள் சீனிப் பாகு வைக்க வேண்டும். ஒரு கிலோ சீனிக்கு ஒரு லிட்டர் தண்ணீர். சீனி எந்தக் கடையிலும் சீனிதான். தண்ணீர் அப்படியல்ல. சாத்தூர் வீடுகளில் தண்ணீருக்குத் தண்ணீர் குடம் வேறு, மரியாதையும் வேறு. ஆகவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. வைப்பாற்றுத் தண்ணீர்: பாரம்பரியத்தை விரும்புகிறவர்கள் குடத்தோடு ஆற்றுக்குப் போகலாம். தண்ணீரில் ஒரு குறையும் சொல்ல முடியாது, இருந்தால்தானே சொல்வதற்கு. மணலைப் பார்த்துவிட்டு, அப்படியே இருக்கன்குடி மாரியம்மனையும் கும்பிட்டுத் திரும்புங்கள்.

2. போர் தண்ணீர்: கரிசல் மண்ணின் உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. "காய்ச்சினால் சரியாப் போயிரும்" என்று தெருவில் ஒரு பெரியவர் சொல்வார். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு சாகாது. தண்ணீர் வற்ற வற்ற உப்பு இன்னும் கூடும். பெரியவருக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

3. தாமிரபரணித் தண்ணீர்: குழாயில் வரும் நல்ல தண்ணீர். குளோரின் வாடை அடித்தால் வாயகன்ற பாத்திரத்தில் ஓர் இரவு திறந்து வையுங்கள், போய்விடும். காலையில் அதே தண்ணீரில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தால் வழிகாட்டி பொறுப்பல்ல.

4. கேன் தண்ணீர்: தேனீக்குப் பழுதில்லை, குடும்பத்துக்குத்தான் ஆபத்து. "ஈக்குக் கேன் தண்ணி, எனக்குக் குழாய்த் தண்ணியா?" என்று அத்தை கேட்பார். பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு கேனைத் திறக்கவும்.

தண்ணீர் முடிவாகிவிட்டதா? கொதிக்கவைத்து இறக்கிய பிறகு சீனியைப் போட்டுக் கரையுங்கள். அடுப்பில் வைத்துக் கருக்காதீர்கள். சத்து என்று கருப்பட்டி, வெல்லம் சேர்த்தால் தேனீக்கு வயிறு கெடும். ஆறியதும் பொழுது சாயும் நேரத்தில், வெளியே சிந்தாமல் பெட்டிக்குள் வையுங்கள். சிந்தினால் எறும்பும் பக்கத்துப் பெட்டித் தேனீயும் விருந்துக்கு வரும். தேனீ நின்று குடிக்கப் பாகில் குச்சிகளை மிதக்கவிடுங்கள். தீப்பெட்டி ஆபீஸில் கேட்டால் மருந்து முக்காத வெறுங்குச்சி கிடைக்கும். இது விளையாட்டல்ல. கடைகளில் வீசிய காகிதக் கப்புகளில் மிஞ்சும் இனிப்புக்கு வந்து தேனீக்கள் சாவதை 2011-இல் தமிழக ஆய்வாளர்கள் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள்.

இனி தேனீயின் முறை. பாகில் பாதி தண்ணீர். அடையில் சேர்த்ததைச் சிறகால் விசிறி விசிறி, ஈரம் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும் வரை அது விடாது. நீங்கள் தேடி அலைந்த தண்ணீரில் பெரும்பகுதி ஆவியாகிப் போகும். அதிலிருந்த உப்பு மட்டும் போகாது. நீங்கள் வாய் கோணாமல் குடிக்கும் தண்ணீர் எதுவும் தேனீக்கு ஆகும் என்பதுதான் இத்தனை ஆராய்ச்சியின் முடிவு. அந்தத் தேனீயே துவைகல் ஓரச் சாக்கடையில் உப்புத் தண்ணீர் உறிஞ்சுவதைப் பார்த்து மனம் நோகாதீர்கள். அதற்கும் கொஞ்சம் உப்பு வேண்டும்; அளவு அதற்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று. தேன் வாங்க வருகிறவர் தீக்குச்சியைத் தேனில் முக்கி உரசுவார். பற்றினால் சுத்தம் என்பார். அந்தச் சோதனைக்குத் தெரிவது ஈரம் மட்டுமே. தேனீ விசிறிக் காயவைத்த சீனிப் பாகிலும் குச்சி பற்றும். ஆகவே பூ எடுத்ததும் பாகை நிறுத்துங்கள். விற்கிற தேனடையிலும் பாகு ஊற்றுகிறவருக்கு எந்தத் தண்ணீர் நல்லது என்று இந்த வழிகாட்டி சொல்வதாக இல்லை.