சோபா ஞானம்: வினாடி வினா காண்போரின் அறிவு ஏற்ற இறக்கம் பற்றிய ஒரு முதற்கட்ட ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

தொலைக்காட்சியில் வினாடி வினா ஓடும் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு சராசரிக் குடும்பஸ்தர் பேரறிஞராகவும் தற்குறியாகவும் பல பிறவி எடுத்து முடிக்கிறார். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டிலேயே அளந்துகொள்ளக் கருவிகள் வந்துவிட்டன. அறிவின் ஏற்ற இறக்கத்தை அளக்க மட்டும் இதுவரை யாரும் முன்வரவில்லை. அந்தப் பெருங்குறையைப் போக்கும் எளிய முயற்சியே இக்கட்டுரை.

இதன் கருதுகோள் வருமாறு: வரவேற்பறையில் ஒருவருடைய அறிவை நிர்ணயிப்பது அவர் படித்த புத்தகங்கள் அல்ல. சரியான விடை திரையில் பச்சை நிறத்தில் ஒளிர்வதற்கும் அவர் வாய் திறப்பதற்கும் இடைப்பட்ட விநாடிகளே.

2. முன்னோர் நிலை

இத்துறையின் மூல நூல் மகாபாரதத்தின் யட்சப் பிரசன்னம். பொய்கைக் கரையில் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தண்ணீர் குடித்த நால்வரும் செத்து விழுந்தார்கள். தருமர் பதில் சொன்னார். பரிசாகத் தம்பிமார் உயிர் பிழைத்தனர். ஆனால் அங்கே பார்வையாளர் யாரும் இல்லாததால் நம் ஆய்வுக்கு அது அதிகம் பயன்படாது.

நமக்கு வேண்டியவன் விக்கிரமாதித்தன். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். சொன்னால் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். சோபாவில் அமர்ந்தவரின் நிலை இதுவே. தெரிந்த விடையை அவரால் அடக்கவே முடியாது. சொன்னதும் அடுத்த கேள்வி வந்துவிடும், அது தெரியாது.

3. ஆய்வுக் களம்

1985-இல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசு நடத்திய ‘குவிஸ் டைம்’ நிகழ்ச்சியைத் தமிழ்க் குடும்பங்கள் மரியாதையான மௌனத்தோடு பார்த்தன. கேள்வி ஆங்கிலத்தில் வரும். கல்லூரி மாணவர் ஒருவர் பதில் சொல்வார். அப்பா பிள்ளைகளைத் திரும்பிப் பார்ப்பார். பிள்ளைகள் வேறெங்காவது பார்ப்பார்கள். கேள்விக்குக் கீழே விடைகள் வரிசையாக வருவதில்லை. ஆகவே யாரும் அறிவாளியாக உணர வாய்ப்பில்லாமல் இருந்தது.

2000 ஜூலை 3 அன்று அமிதாப் பச்சன் ‘கோன் பனேகா குரோர்பதி’யைத் தொடங்கியபோதுதான் சோபா பேச ஆரம்பித்தது. பிரிட்டனில் 1998-இல் பிறந்த நிகழ்ச்சியின் இந்திய வடிவம் அது. தொடர்ந்து சன் டிவியில் சரத்குமாரின் ‘கோடீஸ்வரன்’ வந்தது. விஜய் டிவியின் ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’யை 2012-இல் சூர்யாவும், பின்னர் பிரகாஷ்ராஜும் அரவிந்த்சாமியும் நடத்தினர். 2019-இன் இறுதியில் கலர்ஸ் தமிழில் ராதிகா, பெண்களுக்காகவே ‘கோடீஸ்வரி’ நடத்தினார். இவை எல்லாவற்றுக்கும் பொதுவானவை நான்கு விடைகள். ஒன்றுமே தெரியாதவருக்கும் கால் பங்கு வாய்ப்பு உண்டு. கால் பங்கு வாய்ப்பில் முழு ஞானியாகும் கலையே நம் ஆய்வுப் பொருள்.

மாதிரிக்கு ஒரே வீடு எடுத்துக்கொள்ளப்பட்டது. சுவர் வழியே கேட்ட பக்கத்து வீட்டுச் சத்தத்தில் வேறுபாடு தென்படாததால் மாதிரியைப் பெரிதாக்கவில்லை.

4. வகைப்பாடு

அ. முந்துநர்: நான்கு விடைகள் தோன்றும் முன்பே பதில் சொல்பவர். சரியாக இருந்தால் மறுநாள் காலை காபி வரை அதைப் பற்றியே பேசுவார். தவறாக இருந்தால் கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லை, மிக்சி சத்தம் என்பார். அப்போது மிக்சி ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதில்லை.

ஆ. முணுமுணுப்பர்: கங்கைகொண்ட சோழபுரத்தை நிறுவியவர் யார் என்று கேட்டால் “ரா...” என்று இழுத்து நிறுத்துவார். சோழர்கள் இவருக்குச் செய்த உதவி பெரிது. ராஜராஜன், ராஜேந்திரன், ராஜாதிராஜன் என யார் வந்தாலும் மிச்சத்தை இவர் முடித்துவிடுவார். இதன் கிளைப் பிரிவு இருமல். மூல பிரிட்டன் நிகழ்ச்சியில் 2001-இல் சார்லஸ் இங்ராம் என்ற ராணுவ மேஜர், அரங்கிலிருந்து வந்த இருமல்களின் துணையோடு பத்து லட்சம் பவுண்டு வென்றார். 2003-இல் நீதிமன்றம் அதை மோசடி என்றது. அதே இருமலை வீட்டில் இருமினால் இஞ்சிக் கஷாயம் கிடைக்கும்.

இ. பின்னுரைஞர்: விடை வெளியான மறுகணம் “நானும் அதைத்தான் நினைச்சேன்” என்பவர். எண்ணிக்கையில் இவர்களே மிகுதி.

ஈ. வெளிநடப்பர்: கிரிக்கெட், சினிமா, சோழர் காலம் மூன்றும் முடிந்து மேற்கத்திய ஓவியம் தொடங்கியதும், “மோட்டார் போட்டேனா?” என்று எழுந்து போகிறவர். தொட்டி நிறைந்து வழிவதை மொட்டைமாடியில் நின்று பார்த்துவிட்டு, கேள்வி மாறிய பிறகே இறங்குவார்.

உ. தீர்ப்பாளர்: தமக்குத் தெரிந்த விடையைப் போட்டியாளர் தவறவிட்டால் “இதுகூடத் தெரியாம எதுக்கு வந்தாங்க?” என்பார். தமக்குத் தெரியாததைப் போட்டியாளர் சரியாகச் சொன்னால் “இதெல்லாம் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?” என்பார். இதிலிருந்து பிறக்கும் விதி: தமக்குத் தெரிந்தது பொது அறிவு, தெரியாதது வேண்டாத வேலை.

5. ஏற்ற இறக்கத்தின் காரணங்கள்

முதற் காரணம் பணப் படிக்கட்டு. 2000-இல் ஆயிரம் ரூபாயில் தொடங்கிப் பதினைந்தாம் கேள்வியில் ஒரு கோடியைத் தொடும்படி அது கட்டப்பட்டிருந்தது. பத்தாயிரம் வரையிலான கேள்விகளுக்குப் பள்ளிப் பிள்ளையும் பதில் சொல்லிவிடும். அந்தப் படி வரை சோபா ஆரவாரமாக இருக்கும். லட்சங்களில் குரல் தணியும். கோடியில் போட்டியாளரின் குடும்ப நிலைமை மட்டுமே பேசப்படும்.

இரண்டாம் காரணம் உள்ளம். 1975-இல் பாரூக் ஃபிஷாஃப் என்ற உளவியலாளர், 1814-இல் ஆங்கிலேயருக்கும் கூர்க்காக்களுக்கும் மூண்ட போரைப் பற்றிச் சிலருக்குப் படிக்கக் கொடுத்தார். அந்தப் போருக்கு நான்கு முடிவுகள் சாத்தியம் என்று வைத்து, வெவ்வேறு குழுக்களுக்கு வெவ்வேறு முடிவை ‘நடந்தது இதுதான்’ என்று சொன்னார். எந்த முடிவைச் சொன்னாரோ அதுவே முன்கூட்டி எதிர்பார்க்கக்கூடியதாக இருந்தது என்று அந்தந்தக் குழு கருதியது. ஆகவே பின்னுரைஞர் பொய் சொல்லவில்லை. விடையைப் பார்த்த அந்தக் கணத்திலேயே, தாம் அதைத்தான் நினைத்ததாக அவர் உண்மையாகவே நம்புகிறார். வீட்டில் உள்ளவர்கள் அவரைக் கேலி செய்வது அறிவியலுக்குப் புறம்பானது, எனினும் தொடரலாம்.

6. கேட்பவர் மகிமை

பதில் சொல்பவரைவிடக் கேள்வி கேட்பவரே அறிவாளியாகத் தெரிவதையும் ஆராய வேண்டியிருக்கிறது. 1977-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லீ ராஸும் சக ஆய்வாளர்களும் மாணவர்களை ஜோடி சேர்த்து, யார் கேட்பவர், யார் சொல்பவர் என்பதைக் குருட்டாம்போக்கில் முடிவு செய்தார்கள். கேட்பவர் தமக்குத் தெரிந்ததிலிருந்தே கடினமான பத்துக் கேள்விகள் தயாரித்தார். பதில் சொன்னவர் பத்துக்குச் சுமார் நான்கு சரியாகச் சொன்னார். முடிவில், கேட்டவரே மிகுந்த அறிவுடையவர் என்று பதில் சொன்னவரும் நம்பினார், வேடிக்கை பார்த்தவரும் நம்பினார். அந்த நாற்காலி சீட்டுக் குலுக்கலில் விழுந்தது என்பதை எல்லாரும் அறிந்திருந்தார்கள்.

இதை ஸ்டான்ஃபோர்டுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே தமிழுலகம் கண்டுபிடித்துவிட்டது. 1965-இல் வெளிவந்த ‘திருவிளையாடல்’ படத்தில், நாகேஷ் நடித்த தருமி சிவபெருமானிடமே கேள்வி கேட்கும் பக்கத்தைத் தமக்கென்று எடுத்துக்கொள்கிறார். கேட்க மட்டுமே தமக்குத் தெரியும் என்று காரணமும் சொல்கிறார். இத்துறையின் தந்தை என்ற பட்டம் அவருக்கே உரியது.

7. பரிந்துரை

இதே நிகழ்ச்சியின் அமெரிக்க வடிவத்தில் போட்டியாளர் உதவி கேட்டபோது அரங்கத்தாரின் வாக்கு சுமார் 91 சதவீதம் சரியாக இருந்தது. தொலைபேசியில் அழைக்கப்பட்ட அறிவாளி நண்பர்கள் 65 சதவீதத்தைத்தான் தொட்டார்கள் என்று ஜேம்ஸ் சுரோவிக்கி 2004-இல் எழுதினார். அரங்கத்தாரும் சோபாக்காரரைப் போலச் சும்மா உட்கார்ந்திருந்தவர்களே. ஒரே வேறுபாடு, அவர்கள் விடை தெரியும் முன்பே ஒரு பொத்தானை அழுத்தியாக வேண்டும். வீட்டில் அந்தப் பொத்தான் இல்லை. நோயின் வேர் அங்கேதான் இருக்கிறது.

மருந்து தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்திடம் இருக்கிறது. 2020-இல் அது அறிவித்த சீர்திருத்தங்களில் ஒன்று, நான்கு விடைகளோடு ஐந்தாவதாக ஒரு வட்டம். விடை தெரியாதவர் அதை நிரப்ப வேண்டும். தெரியாது என்பதற்குக் கறுப்பு மையில் ஓர் இடம் ஒதுக்கிய அந்த ஏற்பாட்டை ஒவ்வொரு வரவேற்பறைக்கும் நீட்டிக்க வேண்டும். சோபாவில் அமரும் ஒவ்வொருவருக்கும் ஒரு விடைத்தாள். விளம்பர இடைவேளையில், வீட்டில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை அதைத் திருத்தட்டும். மொட்டைமாடியில் இருப்பவருக்குத் தாள் மேலே அனுப்பப்படும்.

இப்பரிந்துரை ஆய்வு வீட்டில் வாசிக்கப்பட்டது. குடும்பத் தலைவர் கடைசி வரிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நானும் இதைத்தான் நினைச்சேன்” என்றார்.