காலை உணவு உட்பட ஒரு காடு

புலிக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்பது சட்டம். எது தொந்தரவு, எது தொந்தரவு இல்லை என்பதை மட்டும் அறை வாடகை முடிவு செய்கிறது.

முதுமலை 1940-இல் சரணாலயமானது. 2007-இல் புலிகள் காப்பகமானது. மொத்தம் 688 சதுர கிலோமீட்டர், அதில் 321 உள்மண்டலம். 2022 கணக்கெடுப்பின்படி அங்கே 114 புலிகள். அதில் ஒன்றையாவது போனில் பிடித்துவிட வேண்டும் என்ற வெறியோடு சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வாரக்கடைசிதோறும் அங்குள்ள மசினகுடிக்குக் கார்கள் வந்து குவிகின்றன. ஓர் இரவாவது காட்டில் தங்க வேண்டுமாம். ஏ.சி., வைஃபை, வெந்நீர், காலை உணவு, காடு. எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ்.

இரவு ஒன்பது மணிக்குக் காப்பகத்தின் வழியே போகும் மைசூர் நெடுஞ்சாலையின் கேட்டை மூடிவிடுகிறார்கள். காலை ஆறு வரை மிருகங்கள் நிம்மதியாகச் சாலையைக் கடக்கட்டும் என்று. நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் தங்கிய விடுதியில் அதே ஒன்பது மணிக்குத்தான் கேம்ப் ஃபயரை மூட்டி, ஸ்பீக்கரைக் காட்டுப் பக்கம் திருப்பி, குத்துப்பாட்டுப் போட்டார்கள். கடமான் தண்ணீருக்கு இறங்குகிற நேரத்தில் ஒரு கம்பெனியின் டீம் அவுட்டிங் ஆட இறங்கியது. வாசல் பலகையில் 'ஈகோ' என்று பச்சை எழுத்து மின்னியது. ஆட்டம் ஓய்ந்த பிறகு ஒரு தம்பி காதோரம் வந்தார்.

"சார், நைட் சஃபாரி போலாமா? லைட் அடிச்சுக் காட்டுவாங்க. மெயின் ரோட்டுக்கே போக மாட்டோம், வேற வழி இருக்கு."

"சட்டவிரோதம் இல்லையா தம்பி?"

"அதனாலதான் சார் ரேட் கொஞ்சம் ஜாஸ்தி."

நம் நாட்டுச் சுற்றுச்சூழல் நிர்வாகத்தை இதைவிடச் சுருக்கமாக எந்த ஆணையமும் விளக்கியதில்லை. போகவில்லை என்று சொன்னேன். பக்கத்து அறைக்காரர்கள் போனார்கள். காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே, இவ்வளவு பணம் கட்டியும் புலி வரவில்லை என்று மேனேஜரிடம் சண்டை போட்டார்கள். புலிக்கு ஷிஃப்ட் போட்டு ஆள் அனுப்பாதது விடுதியின் தவறுதான்.

இனி அந்தக் காட்டின் சொந்தக்காரர்களுக்கு வருவோம். இருளர், குறும்பர், காட்டுநாயக்கர், பணியர். இவர்கள்தான் தொந்தரவு. தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூனில் மாநிலங்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. நாடெங்கும் புலிகள் காப்பகங்களின் உள்மண்டலத்தில் 591 கிராமங்கள், 64,801 குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களை வெளியேற்றும் வேலையை எப்போது முடிப்பீர்கள், காலக்கெடு சொல்லுங்கள் என்றது. குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய். பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து காட்டைத் தீர்த்துக்கட்டாமல் வைத்திருந்ததற்கு ஒரே தவணையில் கணக்குத் தீர்ப்பு. அவர்கள் மனமொப்பிச் சம்மதித்தால் மட்டுமே வெளியேற்றலாம் என்று வனவுயிர் சட்டமும் வன உரிமைச் சட்டமும் சொல்வதெல்லாம் சில்லறை விவரம்.

உள்மண்டலம் என்றால் மனிதக் காலடியே படாத இடம் என்று நினைத்துவிடாதீர்கள். அதில் 20 சதவீதம் வரை சுற்றுலாவுக்கு விடலாம் என்பது 2012-இல் வந்த வழிகாட்டு நெறி. முதுமலையின் தெப்பக்காட்டில் அரசின் தங்கும் விடுதிகளே உள்ளேதான் இருக்கின்றன. ஆக, தேன் எடுக்கப் போகும் காட்டுநாயக்கர் காலடி பட்டால் புலிக்குத் தூக்கம் கெடும். டிக்கெட் வாங்கியவர் காலடி பட்டால் புலி புரண்டுகூடப் படுக்காது. நுணுக்கமான மிருகம்!

தெப்பக்காட்டு யானை முகாமில் குட்டிகளை வளர்த்த காட்டுநாயக்கத் தம்பதி பொம்மனும் பெள்ளியும் வந்த ஆவணப்படம் 2023-இல் ஆஸ்கர் வாங்கியது. உடனே அவர்களோடு படம் எடுக்கக் கூட்டம் அலைமோதியது. பிரதமரே வந்தார். காட்டுநாயக்கர் திரையில் இருந்தால் பெருமை, காட்டில் இருந்தால் ஆக்கிரமிப்பு.

உண்மையான ஆக்கிரமிப்பின் கதையைக் கேளுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கிற, மசினகுடி அமைந்த சீகூர் பீடபூமி, யானைகளின் வழித்தடம். அதன் குறுக்கே விடுதிகள் முளைத்தன, மின்வேலிகள் எழுந்தன. காலி செய்யுங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் சொன்னது. அதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 2020 அக்டோபரில். யானை 22 மாதம் கருவைச் சுமந்து குட்டி போட்டுவிடும். நம் நீதி ஒன்பதரை வருடம் சுமந்தது. பிரசவம் முடிந்ததா என்றால் அதற்கும் ஒரு குழு. இடிப்பதற்கு முன் விடுதிக்காரர்களின் ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும் அல்லவா? யானையிடம் ஆட்சேபம் கேட்கும் வழக்கம் நமக்கு இல்லை.

தீர்ப்பு வந்த மூன்றாவது மாதம். 2021 ஜனவரி. மசினகுடியில் அனுமதியில்லாமல் நடந்த ஒரு தங்கும் விடுதியின் வாசலுக்கு ஒரு கொம்பன் வந்தது. ஏற்கெனவே முதுகில் ஆறாத புண்ணோடு திரிந்துகொண்டிருந்த யானை அது. மாடியிலிருந்து எரிகிற டயரை அதன் மேல் வீசினார்கள். காதில் தீயோடு அது இருட்டுக்குள் ஓடுகிறது. வீசியவர்களின் கூட்டத்திலேயே ஒருவர் அதைப் படமும் எடுத்திருக்கிறார். ஜனவரி 19-ஆம் தேதி சிகிச்சைக்காக லாரியில் ஏற்றித் தெப்பக்காட்டுக்குக் கொண்டுபோகும் வழியில் யானை செத்தது. அதன் தும்பிக்கையைத் தடவியபடி ஒரு வனப் பணியாளர் கதறிய காட்சியை நாடே பார்த்தது, நாடே அழுதது, நாடே ஃபார்வர்டு செய்தது. சிலரைக் கைது செய்தார்கள், அந்த இடத்துக்குச் சீல் வைத்தார்கள். அழுதவர்களில் எத்தனை பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த நீண்ட விடுமுறைக்கு அதே ஊரில் அறை தேடினார்கள் என்பதை மட்டும் யாரும் எண்ணவில்லை.

அதே வருடம் நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி23 என்ற புலியைத் தேடினார்கள். சுடாதீர்கள் என்று நகரங்களிலிருந்து குரல் எழுந்தது. சரியான குரல்தான், உயர் நீதிமன்றமும் அதையே சொன்னது, அக்டோபரில் உயிரோடு பிடித்து மைசூருக்கு அனுப்பினார்கள். அந்தப் புலியின் எண் இன்றும் பலருக்கு மனப்பாடம். மாடு மேய்க்கப் போய் அந்தப் புலியிடம் உயிரைவிட்ட மசினகுடிக் கிழவரின் பெயரைக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த முறை காட்டில் ஓர் இரவு தங்க ஆசை வந்தால், அட்வான்ஸ் அனுப்பும் முன் விடுதிக்கு போன் போட்டு இரண்டே கேள்வி கேளுங்கள். உங்களுக்கு அனுமதி இருக்கிறதா? உங்கள் வேலி யானை போகும் வழியிலா நிற்கிறது? பதில் சொல்லாமல் தள்ளுபடி பற்றிப் பேசினால் போனை வையுங்கள். நைட் சஃபாரியும் உண்டு சார் என்று சேர்த்துச் சொன்னால் வனத்துறைக்குப் புகார் கொடுங்கள்.