பெரட்டு எடுக்கும் அக்கா

விடியற்காலை ஐந்தரை மணிக்கு, பள்ளிவாசலில் சுபுஹ் தொழுகைக்கான அழைப்பு எழுவதற்கும் முன்பாகவே, அக்கா பெரட்டு எடுக்க ஆரம்பித்துவிடுகிறார். “காலை வணக்கம் என் செல்லங்களா! எல்லாரும் எந்திரிச்சாச்சா? ஆஜர் போடுங்க, அக்கா பார்த்துக்கிட்டே இருக்கேன்” என்னும் அந்தக் குரல், வாட்ஸ்ஆப் மார்க்கமாக ரவாங்கின் தாமான்தோறும் பரவி, அங்கிருந்து பத்து ஆராங், ஈஜோக், புக்கிட் ரோத்தான் வரைக்கும் சென்று, முறுக்குப் பிழிகிறவர், வளையலுக்குப் பட்டு நூல் சுற்றுகிறவர், ரவிக்கைக்கு ஆரி வேலை செய்கிறவர், சோப்புக் காய்ச்சுகிறவர், ரங்கோலிப் பலகை வரைகிறவர் ஆகிய சுமார் நாற்பது பெண்மணிகளையும், அவர்களுள் ஒருவருக்குப் பார்சல் கட்டிக் கொடுக்கும் குற்றத்துக்காக அக்கா நடத்தும் விற்பனைக் குழுவில் சேர்க்கப்பட்டுவிட்ட என்னையும் ஏககாலத்தில் எழுப்பிவிடுகிறது.

ஆஜர் போடுவது என்றால் வெறுமனே ‘வணக்கம்’ என்று எழுதிவிட்டு மறுபடியும் போர்வைக்குள் புகுந்துகொள்வது அன்று. தம் பெயர், தாம் செய்யும் சாமான், இன்று எத்தனை பேருக்கு அதை விற்கப்போகிறோம் என்னும் சங்கற்பம், அதன் கீழே கூப்பிய கைகள் ஒன்று, சிவப்பு இதயம் ஒன்று ஆகிய இவ்வளவும் முறைப்படி அமைந்திருந்தால்தான் அது ஆஜராகக் கணக்கிடப்படும். ஆறேகால் மணிக்கு அக்கா இரண்டாம் முறை குரல் கொடுப்பார். அது நீலக் குறிகளை ஆராய்ந்தபின் வெளியாகும் தீர்ப்பு. “படிச்சிட்டு பதில் போடாதவங்க பதினோரு பேர் இருக்கீங்க. பேர் சொல்ல மாட்டேன், மனசு கஷ்டப்படும்” என்று பீடிகை போட்டு, அடுத்த மூச்சிலேயே பதினோரு பெயர்களையும் வரிசையாகச் சொல்லிவிடுவார். குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒருத்தி விண்ணப்பிப்பாள். கொமுட்டர் ரயிலில் நெருக்கடி, கையை எடுக்க முடியவில்லை என்று இன்னொருத்தி மன்றாடுவாள். அக்கா இருவரையும் மன்னித்து, அந்த மன்னிப்பையும் குழு முழுவதற்கும் கேட்கும்படி ஒரு குரல் பதிவாக அனுப்பிவைப்பார்.

ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இருள் பிரியாத வேளையில் பால் வாளியும் உளியுமாகத் திடலில் வரிசை பிடித்து நிற்க, கிராணி பெயர் கூப்பிட, கங்காணி பக்கத்தில் நின்று வந்த தலைகளை எண்ணிய அந்தப் பெரட்டு, தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களான பிறகு ஒழிந்துவிட்டது என்றுதான் நம் ஜனங்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அந்நாளைய கங்காணிக்கு, வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் தலைக்காசு என்று ஒரு சன்மானம் உண்டு. 1938-ஆம் ஆண்டில் கூலியாட்கள் மலாயாவுக்கு வருவதை இந்திய அரசாங்கம் தடை செய்தபோது, இந்தியாவுக்குப் போய் ஆள் திரட்டிவரும் கங்காணி முறையும் முடிவுக்கு வந்தது. நம் அக்காவோ தலைக்காசு என்று ஒரு சல்லியும் பெறுகிறவர் அல்லர். இரவும் பகலும் சொந்த டேட்டாவைச் செலவழித்தே இந்தக் கைங்கரியத்தைச் செய்கிறார். கஷ்டமே அங்கேதான் இருக்கிறது. காசு வாங்குகிறவராக இருந்தால் எதிர்த்து ஒரு வார்த்தை பேசலாம். பரோபகாரியை யார் எதிர்ப்பது?

காலைப் பெரட்டாவது விடிவதற்குள் தீர்ந்துவிடும். இரவு எட்டரை மணிக்கு ‘லைவ்’ பெரட்டு என்று ஒன்று உண்டு. குழுவிலுள்ள யாரேனும் ஒருத்தி தன் சாமான்களை நேரலையில் காட்டி விற்கும்போது, மற்றவர்கள் யாவரும் அங்கே பிரசன்னமாகி, ஆளுக்கு மூன்று வாக்கியமாவது எழுதி, இதயங்களைப் பறக்கவிட வேண்டும் என்பது சாசனம். மூன்று வாக்கியங்களும் ஒரே மாதிரி இருக்கலாகாது. ‘சூப்பர் சிஸ்’ என்று எல்லாரும் எழுதிவைத்த ஓர் இரவில், “என்ன பிள்ளைங்களா, மனப்பாடம் பண்ணிட்டு வந்தீங்களா?” என்று அக்கா கண்டித்தார். அதுமுதல், காலையில் குழுவிலேயே விலைப் பட்டியலைப் படித்துவிட்ட பெண்கள் இரவில் வந்து, ‘இது என்ன விலை சிஸ்?’ என்று ஒன்றும் அறியாதவர்களாகக் கேட்கும் நாடகம் செவ்வனே நடந்துவருகிறது. இந்த நாடகத்துக்கு ஒளி தருவது, விற்பவளின் முகத்துக்கு நேரே வைத்த ஒரு வட்ட விளக்கு. மலாயாவிலேயே முதன்முதலாக மின்சாரம் உற்பத்தியானது 1894-இல் இந்த ரவாங்கில்தான். ஈயச் சுரங்கத்துப் பம்புகளை ஓட்டுவதற்காகத் தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் அதைக் கொண்டுவந்தார்கள் என்று சரித்திரம் கூறுகிறது. அந்த மின்சாரம் இந்த வட்ட விளக்கில் வந்து முடியும் என்று அப்பெரியோர்கள் கனவிலும் கருதியிருக்க மாட்டார்கள்.

ஒரு நாள் ஒரு விபரீதம் நேர்ந்தது. நேரலைக்குள் அந்நியர் ஒருவர் வந்துவிட்டார். குழுவைச் சேராதவர், யாருக்கும் உறவினர் அல்லாதவர், குவாந்தான்காரர், மலாய்ப் பெண்மணி. வளையலைப் பார்த்து, ‘பெராப்பா நி காக்?’ என்று நிஜமாகவே விலை கேட்டார்! வாடிக்கையாளர் என்னும் ஜீவராசியைக் கண்ணால் கண்டிராத குழுவினர் அடைந்த பரவசத்தை என்னென்பது? அக்கா முதலில் சலாம் கூறினார். தொடர்ந்து முப்பது பேர் சலாம் கூறினார்கள். ஒருவர் விலை சொன்னார், ஒருவர் அதைத் திருத்தினார், ஒருவர் தம்முடைய அச்சு முறுக்கின் படத்தைப் போட்டார், இன்னொருவர் அந்த அம்மாளின் பெயரைக் குறிப்பிட்டு ‘நம்ம குடும்பத்துல சேர்ந்துடுங்க’ என்று தமிழிலேயே அழைத்தார், திரை முழுவதும் இதயங்கள் கொப்பளித்துக் கிளம்பின. அரை நிமிஷத்தில் குவாந்தான் அம்மாள் மறைந்துபோனார். அவர் மீண்டும் வந்ததாகத் தகவல் இல்லை.

ஆகவே, விற்பனை குழுவுக்குள்ளேயே நிகழ்கிறது. திங்கட்கிழமை சோப்புக்காரி என் மனைவியிடம் இருபத்தைந்து வெள்ளிக்கு வளையல் வாங்குகிறாள். அதை வாங்கிக்கொண்ட தாட்சணியத்தால் என் மனைவி புதன்கிழமை முறுக்குக்காரியிடம் வாங்குகிறாள். முறுக்குக்காரி ரங்கோலிக்காரியிடம், ரங்கோலிக்காரி சோப்புக்காரியிடம் என்று அதே இருபத்தைந்து வெள்ளி ஊரைச் சுற்றிவந்து, ஒவ்வொரு வாசலிலும் போஸ் காசை இழந்து இளைத்து, வார முடிவில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிறது. ‘பேங்கின்’ பண்ணிய ரசீதுகள் குழுவில் தோரணம் கட்டித் தொங்குவதைப் பார்த்தால் பெரிய வியாபாரம் நடப்பதுபோலத்தான் தோன்றும். இந்தச் சக்கரத்தில் இதுவரை நிச்சயமாக லாபம் கண்டவர், பார்சல் ஏற்றிவரும் மோட்டார் சைக்கிள் தம்பி ஒருவரே.

கைத்தொழில் செய்யும் பெண்கள் ஒன்றுகூடுவது புதிய விஷயம் அன்று. அமெரிக்காவில் 2005-இல் தோன்றிய எட்ஸி என்னும் கைவினைச் சந்தையிலும் விற்பவர்கள் டீம் சேர்த்துக்கொண்டு, அதற்குக் கேப்டனும் வைத்துக்கொண்டார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? ஐந்து பெண்கள் ஒரு குழு, வாரந்தோறும் ஒரு கூட்டம் என்னும் வங்காளதேசத்துக் கிராமீன் வங்கி முறையை 1986-இல் இந்நாட்டில் முதன்முதலாகச் சோதித்துப் பார்த்ததே நம் வடமேற்குச் சிலாங்கூரில்தான். மறு ஆண்டு அது அமானா இக்தியார் மலேசியா என்னும் ஸ்தாபனமாயிற்று, 2024-இல் இந்தியப் பெண்களுக்கென்றே ஐந்து கோடி வெள்ளியில் ‘பெண்’ என்னும் கடன் திட்டத்தையும் தொடங்கியது. பம்பாயில் 1959-இல் எண்பது ரூபாய்க் கடனோடு ஏழு பெண்கள் மொட்டை மாடியில் அப்பளம் இட ஆரம்பித்த லிஜ்ஜத் கதையை அக்காவே மாதம் ஒருமுறையாவது கண்ணீர் மல்கச் சொல்லுவார். அந்த ஏழு பேரும் தாங்கள் இட்ட அப்பளத்தைத் தங்களுக்குள்ளேயே விற்றுக்கொள்ளவில்லை. புலேஷ்வர் கடைத்தெருவில் ஒரு வியாபாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்னும் பகுதியை மட்டும் ஏனோ அவர் சொல்லுவதில்லை.

அக்காவின் மற்றக் குணங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சட்டத்துக்குப் பயந்தவர். ‘மாசம் நூறு வெள்ளி போட்டுக் கூட்டு பிடிக்கலாமா’ என்று யாரோ கேட்டபோது, 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம் என்று அதட்டி அடக்கியவர். வியாபாரத்தைப் பதிந்துகொள்ள, சொந்தப் பெயரானால் ஆண்டுக்கு முப்பது வெள்ளி, வேறு பெயர் வைத்தால் அறுபது வெள்ளி என்று எல்லாருக்கும் வழி சொல்லி, பாதிப் பேருக்குப் பாரத்தையும் பூர்த்தி செய்து கொடுத்தவர்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, பசார் மாலாம் எல்லாம் மூடிக் கிடந்த சமயத்தில், தொழிற்சாலை பஸ் ஓட்டிய கணவனுக்கு வேலை நின்றுபோய், தீபாவளிக்கு மட்டும் பலகாரம் செய்துகொண்டிருந்த ஒரு பெண் வீட்டிலிருந்த மாவையெல்லாம் முறுக்காக்கிவிட்டு விற்க வகை தெரியாமல் தவித்தாள். அவளுக்குப் பதிலாக அக்கா தாமே நேரலையில் உட்கார்ந்தார். தொண்டை கட்டும்வரை பேசினார். கடைசி டப்பா விற்றபின்தான் எழுந்தார். குழுவில் யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதலில் போய் நிற்பவரும் அவரே. காப்பித் தண்ணீருக்கு ஆள், மாலைக்கு ஆள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் என்று நொடியில் பிரித்துவிடுவார். அங்கேயும் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து, “யார் யார் இன்னும் வரல?” என்று பெரட்டு எடுப்பார் என்பது உண்மையே. ஆனால் பெட்டியின் அருகே அழுதுகொண்டிருப்பவளுக்கு அந்தக் குரல் எவ்வளவு ஆறுதல் என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். நள்ளிரவில் தனியே உட்கார்ந்து நூல் சுற்றும் ஒரு பெண், ‘கோந்து காயலக்கா’ என்று எழுதினால், அந்நேரத்தில் பதில் எழுத இவ்வூரில் வேறு யார் இருக்கிறார்கள்?

இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் ‘குழு விலை’ என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வளையலை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டு நூலில் இருபது இழைகளை ஒன்றாகச் சேர்த்து, முறுக்கு விழாமல் சீவி, நுனியை வளையலின் உட்புறத்தில் ஒட்டி, சுற்றுக்குச் சுற்று இடைவெளி தெரியாமலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலும் சுற்றிவர வேண்டும். ஓர் இடத்தில் விரல் தளர்ந்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்லைக் காட்டும். அவிழ்த்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதன்மேல் கற்சரத்தைப் பதித்து, குந்தன் கல்லை இடுக்கியால் எடுத்து வைத்து, கோந்து வெளியே வழியாமல் துடைக்க வேண்டும். மஸ்ஜிட் இந்தியாவில் வாங்கிய நூலுக்கும் கல்லுக்கும் கணக்கு இருக்கிறது. கண்ணுக்கும் கழுத்துக்கும் கணக்கு இல்லை. “நம்ம பிள்ளைங்கதானே, ஆதரவா கொறச்சுப் போட்டுக் குடும்மா” என்று அக்கா ஒரு வார்த்தை சொன்னால் இருபத்தைந்து வெள்ளி பதினெட்டாகிவிடுகிறது. நாற்பது பேர் ஒருவருக்கொருவர் கூலியைத் தள்ளுபடி செய்துகொள்வதற்கு ஆதரவு என்று பெயரிட்டால், தோட்டத்து நாட்களில் ஒரு காசு கூலி உயர்வுக்காக வேலை நிறுத்தம் செய்த நம் பாட்டிமார்கள் என்ன சொல்வார்கள்? இதைக் குழுவிலேயே எழுதியும் பார்த்தேன். “அண்ணே, இன்னிக்கு நீங்க இன்னும் ஆஜர் போடலையே” என்று அக்கா பதில் அனுப்பினார்.

இதைப் படிப்பவர்களில் எங்கள் குழுவைச் சேராதவர்கள் யாரேனும் இருப்பீர்களானால், உங்களிடம் ஒரு விண்ணப்பம். தீபாவளி நெருங்குகிறது, வளையல் இருக்கிறது, நெய் உருண்டை இருக்கிறது, அச்சு முறுக்கும் இருக்கிறது. ஏதாவது ஒன்றை வாங்குங்கள். சலாம் கூறி உங்களைத் துரத்தாமல் இருக்க ஏற்பாடு செய்கிறேன். விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள். போஸ் காசு தனி.