கரண்டும் கள்ளும் கொஞ்சம் ஜனநாயகமும்

குமாரபாளையத்தின் வரலாற்றை எழுத ராஜாக்கள் தேவையில்லை. துணி, மது, மின்சாரம் என்று மூன்று இலாகாக்கள் போதும். ஊர் காவிரிக்குக் கிழக்கே, பவானி மேற்கே. நடுவில் ஓடும் ஆற்றை மக்கள் குளிக்க, நூல் அலச, சாயம் விட என்று பலவிதமாகப் பயன்படுத்தினார்கள். அரசாங்கம் அதை எல்லைக்கோடாக மட்டும் பயன்படுத்தியது.

முதல் கோடு போட்டவர் ராஜாஜி. 1925-இல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் ஆரம்பித்து, நூல் நூற்கவும் கள்ளை விடவும் சொல்லிக்கொடுத்தார். ஜனங்கள் முதல் பாடத்தை மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டார்கள். இரண்டாவதைச் சட்டமாகத்தான் போட வேண்டியிருந்தது. 1937-இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானவர், அக்டோபர் 1 அன்று மதுவிலக்கைக் கொண்டுவந்தார். முதல் சோதனைக்கு எடுத்துக்கொண்டது சொந்த ஜில்லாவான சேலத்தை. அன்று குமாரபாளையம் சேலம் ஜில்லா, பவானி கோயம்புத்தூர் ஜில்லா. ஆகவே சட்டம் ஆற்றங்கரை வரைக்கும் வந்து நின்றுவிட்டது. நீந்தத் தெரியாது போலிருக்கிறது. தாகத்தோடு எத்தனை பேர் அக்கரையை ஏக்கமாகப் பார்த்தார்கள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. கள்ளுப் பணம் போன ஓட்டையை அடைக்க 1939-இல் விற்பனை வரி வந்தது. குடிக்காதவனும் அதைக் கட்டினான்.

அதே ராஜாஜி 1952-இல் மறுபடி முதலமைச்சரானபோது, நெய்த துணி விற்காமல் கைத்தறிக்காரர்கள் தவித்துக்கொண்டிருந்தார்கள். 1953 ஜனவரியில் அண்ணா கைத்தறித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு திருச்சித் தெருக்களில் விற்றார். நெசவாளியின் கஷ்டம் எவ்வளவு நல்ல மேடை என்று எல்லாக் கட்சிக்கும் அன்று புரிந்தது. அது புரிந்து முடிவதற்குள் குமாரபாளையத்து நெசவாளி விசைத்தறிக்குப் போய்விட்டான். 1983-இல் எம்.ஜி.ஆர். ஆட்சி இலவச வேட்டி சேலைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. கூலிக்கு நெய்து கொடுத்த துணி பொங்கலுக்கு ரேஷன் கடை வழியாக வீடு திரும்பும். பொருளாதார மேதைகள் பொறாமைப்படும் சுழற்சி.

1996-இல் வம்பு அக்கரையில் கிளம்பியது. ஈரோட்டைத் தாண்டினால் வரும் மொடக்குறிச்சித் தொகுதியில், குறை கேட்க ஆளில்லை என்று கோபப்பட்ட விவசாயிகள் கூட்டம் கூட்டமாக வேட்புமனு போட்டார்கள். மொத்தம் 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டு புத்தகமாயிற்று, வாக்குப்பதிவைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் ஜெயித்தார். 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. வேட்பாளரே தன்னை நம்பவில்லை என்றால் வாக்காளரைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? சட்டசபைக்கான டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்ந்தது. அக்கரைக்காரன் அடித்த கூத்துக்கு இக்கரைக்காரனும் சேர்த்துக் கட்டினான். 37-இல் ஆற்றங்கரையில் நின்றுபோன சட்டம், இந்தத் தடவை நீந்தக் கற்றுக்கொண்டு வந்திருந்தது.

அடுத்து கரண்ட். 2006-இல் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் இலவசம் என்றார் கருணாநிதி. சீக்கிரமே மின்வெட்டும் வந்து சேர்ந்தது. இலவசம் யூனிட்டில் இருந்தது, கம்பியில் இல்லை. தறி நிற்கும் நேரத்தில் தறிக்காரனுக்கு அரசியல் பேசுவதைத் தவிர வேறு வேலை கிடையாது என்பதை ஆட்சியிலிருந்தவர்கள் யோசித்திருக்கலாம். அதுவரை திருச்செங்கோட்டுத் தொகுதியில் ஒட்டிக்கொண்டிருந்த ஊர், தொகுதி மறுசீரமைப்பில் தன் பெயரிலேயே ஒரு தொகுதியாகி 2011-இல் முதல் தேர்தலைக் கண்டது. அ.தி.மு.க.வின் பி. தங்கமணி ஜெயித்தார், 2016, 2021-லும் அவரே. 2016-இல் அவருக்குக் கிடைத்தது மின்சாரம், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. தறியை ஓட்டுவதும், தறி நின்ற பிறகு ஓட்டுவதும் ஒரே மந்திரி கையில்! ராஜாஜி கள்ளை ஒழிக்கப் புறப்பட்ட அதே வட்டாரத்துக்கு, டாஸ்மாக்கைக் கவனிக்கும் இலாகா மதுவிலக்கு என்ற பெயரோடு வந்து சேர்ந்ததை வரலாற்றின் குசும்பு என்றுதான் சொல்ல வேண்டும். 2021-இல் ஆட்சி மாறியதும் இதே இரண்டு இலாகாக்கள் கரூர் செந்தில் பாலாஜிக்குப் போயின. அதுவும் ஜவுளி ஊர்தான்.

இலவச யூனிட் 2016-இல் 750 ஆகி, 2023-இல் 1,000 ஆயிற்று. ஏலம் நன்றாகவே போகிறது. சாயக்கழிவுக்குப் பொது சுத்திகரிப்பு நிலையம் என்ற வாக்குறுதிதான் பாவம், ஒவ்வொரு தேர்தலுக்கும் வேட்பாளரோடு வந்து வேட்பாளரோடு திரும்பிவிடுகிறது. ஆற்றில் கலக்கும் சாயம் ஆர்டருக்குத் தகுந்தபடி நிறம் மாறுவதால், காவிரி இன்ன கட்சி என்று யாரும் குற்றம் சொல்ல முடியாது.

நகராட்சியில் 33 வார்டு. 2022-இல் தமிழகம் முழுக்க தி.மு.க. நகராட்சிகளை அள்ளியபோது, இங்கே தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவர் ஒரு சுயேச்சை. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களுக்கு இந்த ஊர் தரும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "பாத்துக்கலாமுங்க." அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறவர்களுக்காகத்தான் டெபாசிட் தொகையை உயர்த்தியிருக்கிறார்கள்.