பத்துக்குப் பத்து

வா மருமவனே, திண்ணையில இப்படி உக்காரு. டிரில் வாத்தியார் வேலை கிடைச்சதும் மாமன் வீட்டை மறந்துட்டேன்னு நெனச்சேன். கையில என்ன, பஞ்சாங்கமா? ஓ, படம் போட்ட அட்டையா! பயல் ஒருத்தன் மேட்டுல சைக்கிள் மிதிக்கான். அடியில 0, உச்சியில 10. ஓடி முடிச்ச பிள்ளைகிட்ட நீட்டி, 'எவ்வளவு சிரமமா இருக்கு, தொட்டுக் காட்டு'ன்னு கேப்பியாமே. பேஷ்.

நேத்து என் பேரன் முதல் சுத்துலயே பத்தைத் தொட்டுட்டானாம். நீ பதறிப்போய் நிழல்ல உக்காத்தி வச்சுத் தண்ணி குடுத்தியாம். ராத்திரி மடியில போட்டுக் கேட்டேன். 'பத்துக்குப் பத்து வாங்கினா நல்லதுதான தாத்தா?'ங்கான். ஒரு மார்க் குறைஞ்சா அவன் அம்மை முகம் போற போக்கு அவனுக்குல்லா தெரியும்! பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆறைத் தொட்டுச்சாம். ஏன் தாயின்னு கேட்டா, அதுக்கு வயசு ஆறாம்.

இந்தக் கணக்கைத் தொடங்கி வச்சவரு சுவீடன் தேசத்து மனோதத்துவக்காரர் குன்னார் போர்க். அவரு அட்டை 6-ல தொடங்கி 20-ல முடியும். மனுசன் ஒண்ணு ரெண்டு எண்ணத் தெரியாதவரில்ல. சொல்லுத எண்ணைப் பத்தால பெருக்கினா நெஞ்சு நிமிசத்துக்கு எத்தனை தடவை அடிக்குன்னு ஏறக்குறைய வந்துரும். 6-ன்னா 60, 20-ன்னா 200. வளந்த ஆளுக்குச் சரி. ஒண்ணாங்கிளாஸ் பயலுக்குச் சும்மா இருக்கையிலயே 80, 90-ன்னு அடிக்குமே! ஆறுலேருந்து எண்ணச் சொன்னா உன்னைத்தான் ஒரு மாதிரியாப் பாப்பான்.

நீ வச்சிருக்க ஓம்னி அட்டை பிள்ளைகளுக்குன்னே வந்தது. அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்ல ராபர்ட்சனும் கூட்டாளிகளும் 2000-ல வெளியிட்டாங்க. அவங்க சோதிச்சது 8 வயசுலேருந்து 12 வயசுப் பிள்ளைகளை. நீ மூக்கு சிந்தத் தெரியாததுககிட்ட நீட்டுதே. அண்ணன் டவுசரைத் தம்பிக்கு மாட்டிட்டு, இடுப்புல நிக்கலைன்னு தையக்காரனை ஏசுன கதைதான். முழிக்காத, எம்மவ காலேஜ்ல இதைத்தான் படிக்கா, ராத்திரி பூரா சத்தம் போட்டு வாசிக்கா. உன்னைப் பத்தி ஒண்ணும் விசாரிக்கல, பயப்படாத.

பிரிட்டன்ல ஒரு அட்டை போட்டிருக்காங்களாம். சைக்கிளுக்குப் பின்னால ஒரு வண்டி, எண் ஏற ஏற அதுல செங்கல்லும் ஏறும். அது எனக்குப் பிடிச்சிருக்கு. பாரம்னா பிள்ளைக்குப் புரியும்லா.

எந்த அட்டையோ, முதல்ல அடியும் உச்சியும் எதுன்னு உடம்புக்குக் காட்டு. மல்லாக்கப் படுக்கப் போட்டு, 'இதுதான் 0'ன்னு சொல்லு. பெறவு நாய் துரத்தினாப்புல ஓடவிட்டு, மூச்சு வாங்கையில 'இது 10'ன்னு சொல்லு. அதுக்குப் பொறவும் வாய் சொல்லுதது ஒருபக்கம் இருக்கட்டும், காதைப் பாரு, செவந்திருக்கா? கதை சொல்லச் சொல்லு. சொல்லுக்குச் சொல்லு மூச்சு அறுந்தா நெசமாவே ஓடியிருக்கான். களைப்பா இருக்கான்னு கேக்கதை மட்டும் சத்துணவு மணி அடிக்க நேரத்துல வச்சுக்காத. ஒருத்தனுக்கும் களைப்பு இருக்காது.

இன்னொரு வித்தையும் உண்டு. எண்ணைக் கேக்காம நாமளே குடுத்துரணும். காலையில பேரனை வேப்பமரம் வரைக்கும் 3-ல ஓடுன்னேன், ஆடி அசைஞ்சு போயிட்டு வந்தான். அப்பம் 8-ல ஓடுன்னேன்.

பாய்ஞ்சு போனான். இன்னும் திரும்பி வரல. அந்தப் பக்கம் நுங்கு வண்டி நிக்கு.