இஞ்சின் பிரிக்கும் வைபோகம்

மருமவனே, வள்ளத்துக்குப் பழைய 8 குதிரைசக்தி மண்ணெண்ணெய் அவுட்போர்டு இஞ்சின் ஒண்ணு வாங்கி முத்தத்துல சாச்சு வச்சிருக்கியாமே? ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் பிரிச்சு மேயப் போறேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு திரியிதியாம். ரொம்ப சந்தோசம். முட்டத்துலேருந்து குளச்சல் வரைக்கும் உள்ள மெக்கானிக்கெல்லாம் இப்பவே சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு காத்திருக்கானுவ. பிரிக்கது நீ, பூட்டுறது அவன், கூலி ரெண்டு மடங்கு. நாலு பேரு பிழைக்கட்டும்.

நான் சொல்லுறதைக் கேளு. பிரிக்கதுக்கு முன்னால காம்ப்ரசன் மட்டும் பாத்துராதே. பிளக்கைக் கழத்தி, அந்த ஓட்டையில கேஜை மாட்டி, திராட்டிலை முழுசா தெறந்து வச்சு, கயித்தை நாலு இழுப்பு இழுத்தா போதும். ரெண்டு சிலிண்டரும் கொறையாம, ஏறக்குறைய ஒரே அளவு காட்டுச்சுன்னா உள்ளுக்குள்ள பெரிசா கேடு இல்லை. கோளாறு கார்பரேட்டர்லயோ பிளக்குலயோ இருக்கும். ஒண்ணு மத்ததைவிட நூத்துக்குப் பத்துக்கு மேல கொறைஞ்சா ரிங்கையோ ஹெட் கேஸ்கெட்டையோ சந்தேகப்படலாம். இதையெல்லாம் முதல்லயே பாத்துத் தொலைச்சா, பிரிக்க வேண்டிய வேலையே இல்லாம போயிரும். பொறவு ஞாயித்துக்கிழமையை எப்பிடிக் கழிப்பே?

அவுட்போர்டு இஞ்சினுக்குப் பேரு வாங்கிக் குடுத்தவன் ஓலே எவின்ரூட்னு ஒரு நார்வேக்காரன். அமெரிக்காவுல விஸ்கான்சின்ல குடியிருந்தவன். ஏரிக்கரையில காதலி ஐஸ்கிரீம் கேட்டாளாம். இவன் துடுப்பு போட்டுப் போயி வாங்கிட்டு வாறதுக்குள்ள அது உருகிப்போச்சாம். அந்த ரோசத்துலதான் இஞ்சின் செஞ்சான்னு கதை சொல்லுவாங்க. 1909-ல விக்க ஆரம்பிச்சான். ஒண்ணரை குதிரைசக்தி, 62 பவுண்டு எடை. அவன் செஞ்சது ஒரு பொண்ணுக்காக. நீ செய்யிறது, சந்தையில மலிவா கெடைச்சுதேன்னு. போகட்டும், வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்.

சரி, பிரிச்சே தீருவேன்னு நிக்கே. அலுமினியத்துல இரும்பு போல்ட்டு, நடுவுல வருசக்கணக்கா உப்புத் தண்ணி. மூணும் சேந்து ஒண்ணுக்குள்ள ஒண்ணாயிருக்கும். துருவுக்கு ஊத்துற எண்ணெயை ஊத்தி ராத்திரி முழுக்க ஊற விடாதே. சுத்தி இருக்க அலுமினியத்தை இளஞ்சூடும் காட்டாதே. ஸ்பானர்ல பைப்பை மாட்டி ஏறி நில்லு. படக்குன்னு ஒரு சத்தம் கேக்கும். போல்ட்டு கழந்துட்டுன்னு நினைப்பே. தலை மட்டும் உன் கையில இருக்கும். உடம்பைத் தோண்டி எடுக்க லேத் பட்டறைக்குப் போவே. பிளைவீலுக்கு புல்லர் வேணும்னு எவனாவது சொன்னா நம்பாதே, சம்மட்டியைத் தூக்கு. கிராங்க் நுனியில மரை நசுங்கினதும் எனக்கு ஒரு போன் போடு, சிரிக்கதுக்கு நானும் வாறேன்.

உள்ள போனா பிஸ்டன்ல கரி அப்பியிருக்கும். மண்ணெண்ணெய் குடிச்ச வயிறு பின்னே எப்பிடி இருக்கும்? அந்தக் கரியில ரிங்கு காடிக்குள்ள ஒட்டிக் கெடக்கும். காடியை வழிச்சு எடுத்து, ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள்ள எறக்கி, பிஸ்டன் தலையால சமமா தள்ளி வச்சு, வாய் இடைவெளியை பில்லர் கேஜால அளக்கணும். புது ரிங்குலயும் இடைவெளி கூடுதலா இருந்தா சிலிண்டரே தேஞ்சிருக்குன்னு அர்த்தம். 0.25 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டனும் போரிங்கும் வேணும். டூ ஸ்ட்ரோக் பிஸ்டன்ல காடிக்குள்ள குட்டியா ஒரு ஊசி நிக்கும். ரிங்கோட வாய் அதுல உக்காரலேன்னா, நீ தள்ளுத வேகத்துல ரிங்கு நொறுங்கிரும். அந்த இடத்துல மட்டும் வீரம் வேண்டாம் மருமவனே.

இதைவிடப் பெரிய காரியம் கிராங்க் கேஸ். டூ ஸ்ட்ரோக் இஞ்சின் அது வழியாத்தான் பெட்ரோலையும் காத்தையும் உறிஞ்சும். ரெண்டு பாதியும் சேர்ற இடத்துல மயிரளவு சந்து இருந்தாலோ, ஆயில் சீல் தளந்து போனாலோ, ஓட்டை விழுந்த ஸ்ட்ராவுல எளநி குடிச்ச கதைதான், காத்துதான் வரும். எரிபொருள் கொறைஞ்ச கலவையில பிஸ்டன் சூடேறி இறுகும், இல்லேன்னா ஓட்டை விழும். பழைய சீலைத் தொடைச்சு மாட்டி நூறு இருநூறு மிச்சம் பிடி. அந்தக் காசு பிஸ்டன் வாங்க உதவும்.

இதெல்லாம் கஷ்டமா இருந்தா மூடிக்கு பெயின்ட் அடி. கெடக்கது கெடக்கட்டும், கெழவியத் தூக்கி மணையில வை! அடியில இருக்க ரப்பர் இம்பெல்லரை யாரு எட்டிப் பாக்கப் போறா? இதழ் வளைஞ்சு கெட்டியாப் போன இம்பெல்லர் தண்ணி ஏத்தாது. டிரம்முல நல்ல தண்ணி நெறச்சு ஓட்டும்போது பின்னால ஓட்டை வழியா இஞ்சின் ஒழுங்கா மூத்திரம் பெய்யணும். பெய்யலேன்னா அந்த நிமிசமே நிறுத்து. கியர் ஆயில் வெள்ளையாப் பால் மாதிரி வந்தா சீல் வழியா தண்ணி ஏறியிருக்கு. புது ஆயிலைக் கீழ் ஓட்டை வழியா ஏத்து. மேல் ஓட்டையில வழிஞ்சதும் மேல் ஸ்க்ரூவை முதல்ல முறுக்கு, கீழ் ஸ்க்ரூவைக் கடைசில. மாத்திச் செஞ்சா ஆயில் உங்கம்மா கூட்டிப் பெருக்கின முத்தத்துல. எங்கக்கா வாயை நீ அறிவே.

பூட்டி முடிச்சா புது ரிங்குக்கு முதல்ல 25 லிட்டருக்கு 1 லிட்டர் டூ-டி ஆயில் கல. பெட்ரோல்ல கெளப்பி, சூடான பொறவு மண்ணெண்ணெய்க்கு மாத்து. நிறுத்துறதுக்கு முந்தி திரும்பவும் பெட்ரோலுக்கு வா. மறந்தா மறுநா காலையில கயித்தை இழுத்து இழுத்தே தோள் தளந்து போவே. துடுப்பு மட்டும் எப்பவும் வள்ளத்துல கெடக்கணும். அதைப் பிரிக்க முடியாது பாரு.

அவ்வளவும் செஞ்சும் கெளம்பலேன்னா மனசு விட்டுராதே. என் ஷெட்டுல அதே ரகத்துல ஒண்ணு சும்மா கெடக்கு. காம்ப்ரசன் ரெண்டும் சமம். போன வாரம்தான் பாத்தேன். விலையைப் பத்தி இப்ப பேச வேண்டாம். நீ முதல்ல பிரி.