தோல் நிறத்துக்கும் ஒரு டியூபா?

என்னலே பேராண்டி, பெட்டியைத் தொறந்து வச்சிக்கிட்டு இப்படி முழிக்கியே? எழுபத்திரெண்டு டியூபு! வரையப் போறது என்ன? வாசல்ல நிக்கிற வேப்பமரம். அதுக்கு எந்தப் பச்சைன்னு டியூபு டியூபாப் பேரு படிக்கியே, மரத்தை ஒருவாட்டி நிமிந்து பாத்தியா?

இங்கன பாரு, 'தோல் நிறம்'னு ஒண்ணு. யாரு தோலுலே இது? உங்க ஆத்தா தோலா, என் தோலா? எந்தச் சீமையில பொண்ணு பாத்துட்டு வந்து இதை அடைச்சானோ!

சவத்தை மூடி வை. நாலே நாலு எடு. வெள்ளை, கறுப்பு, காவி மஞ்சள், ஒரு சிகப்பு. காவி மஞ்சள்னா உங்க டியூபுல எல்லோ ஓக்கர்னு போட்டிருக்கும். ஸ்வீடன்ல ஆண்டர்ஸ் ஸோர்ன்னு ஒருத்தர் இருந்தாரு. 1920-ல போய்ச் சேந்துட்டாரு. அமெரிக்க ஜனாதிபதிமாரையே எதுக்க உக்கார வச்சு வரைஞ்ச கை. 1896-ல தன்னையே வரைஞ்சாரு பாரு, அந்தப் படத்துல கையில இருக்க பலகையில இந்த நாலுதான். அவரு சிகப்பு வெர்மிலியன். இப்ப அந்த எடத்துல காட்மியம் சிகப்பு வைக்காவ.

நீலம் எங்கன்னுதான கேக்க வாற? கறுப்பையும் வெள்ளையையும் குழைச்சுச் சாம்பல் எடு. தனியா வச்சா வெறுஞ் சாம்பல். அதையே செங்காவிப் பக்கத்துல இழுத்துப் பாரு, நீலம்னு உன் கண்ணே சத்தியம் பண்ணும். பக்கத்துல யாரு நிக்கான்னு பாத்துத்தாம்லே நிறம் வேசம் மாத்தும். இப்பக் கறுப்புல காவி மஞ்சளைச் சேரு. என்ன வருது? பச்சை! தளிர்ப் பச்சை இல்ல, முத்துன இலைப் பச்சை. உன் மரத்துக்கு இது போதாதா?

உங்க பாட்டி சுண்ணாம்பு அடிக்கையில துளி நீலம் போடுவாளே, எதுக்கு? சுவத்துல தெரியுத மஞ்சளிப்பை நீலம் அமுக்கிரும், வெள்ளை பளிச்சுன்னு நிக்கும். அவ எந்த வண்ணச் சக்கரத்தைப் படிச்சா?

மூஞ்சிக்கு மஞ்சளும் சிகப்பும் வெள்ளையும். நம்ம மூஞ்சிக்கு வெள்ளையைக் குறைச்சு, கறுப்பைத் தொட்டுக்க. தொட்டுக்கன்னுதான் சொன்னேன், கொட்டச் சொல்லல. எப்பவும் வெளிர் நிறத்துலதான் இருட்டைத் துளித்துளியாச் சேக்கணும். கறுப்புல வெள்ளையைப் பிதுக்கிக்கிட்டே இருந்தா டியூபு தீரும், நிறம் அசையாது. மூணுக்கு மேல கண்டபடி குழைச்சா பெரும்பாலும் சேறுதான். அக்ரிலிக்னா காஞ்சதும் கொஞ்சம் இருட்டும், அதையும் கணக்குல வச்சுக்க.

மயில் கழுத்து நீலம் இந்த நாலுல வருமா? வராதுலே. அதுக்கு நீல டியூபு வேணும். அதுலயும் அல்ட்ராமரைன்ல சிகப்புச் சாயல் இருக்கு, மஞ்சளோட சேந்தா மங்குன பச்சைதான். பளீர்னு பச்சை வேணும்னா பிரஷ்யன் நீலத்தை எடு. ஸோர்னும் தேவைப்பட்டா வேற வண்ணம் எடுத்தவருதான், விரதமா இருந்தாரு?

நாளைக்கே 'நான் நாலு வண்ணக்காரன்'னு சட்டையில அச்சடிச்சிக்கிட்டுத் திரியாத. உன் கூட்டாளி ஒருத்தன் அப்படித்தான் அலையுதான். "படம் எங்கடே?"ன்னு கேட்டேன். பலகையைப் போட்டோ எடுத்துக் காட்டுதான்.